விளக்கு எரிந்தால் போதும்

மார்ச் 3, திங்கள்

எழுதச் சொன்னது டாக்டரம்மா. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அதையும் முதல் வரியிலேயே எழுதியாகிவிட்டது.

கம்பெனியில் வருடாந்திர உடல் பரிசோதனை. லிஃப்ட் பொருத்துகிறவர்களுக்கு அது கட்டாயம். லிஃப்ட் ஏறி இறங்கும் இருட்டு ஷாஃப்டுக்குள் உயரத்தில் நிற்கிறவனுக்குத் தலை சுற்றக் கூடாது. டாக்டரம்மா என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். எண்ணைப் பார்த்தார். மறுபடி அடித்தார். மெஷினில் காலிபரேஷன் போய் எண்ணைத் தப்பாகக் காட்டும், செக் பண்ணுங்கள் என்றேன்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. உங்களைத்தான் செக் பண்ணணும்."

இரத்த அழுத்தம் இறங்கும்வரை ஷாஃப்டுக்குள் கால் வைக்கக் கூடாதாம். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், எதெல்லாம் உங்களை ஏற்றிவிடுகிறது என்று தினமும் எழுதுங்கள், மூன்று வாரத்தில் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த மாதம் புது ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் பொருத்துகிறோம். முதல்முறையாக என் பொறுப்பில். நான் தேறாவிட்டால் அந்த வேலை ஸ்பேனருக்குப் போகும். ஸ்பேனர் என்னுடன் டிப்ளமா படித்தவன். எந்தப் பழுதாக இருந்தாலும் யோசிக்காமல் முதலில் ஸ்பேனரை எடுப்பான், அதனால் அந்தப் பெயர். நல்ல பையன் வேறு. நிம்மதியாகத் திட்டக்கூட முடியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

என்னை அவசர அழைப்பு மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் எனக்கு மணி அடிக்கும். பேச வேண்டும், ஆளை அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். இரத்த அழுத்தக்காரனை உட்கார வைக்க நல்ல இடம்!

முதல் அழைப்பு ஒரு அம்மாள். நான் பேசப் பேசவே பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் என் காதில் ஒரு மணி. "ஒரு தடவை அமுக்கினா போதும்மா. விளக்கு எரியுதுல்ல? பதிவாயிடுச்சு. திரும்பத் திரும்ப அமுக்கினா சீக்கிரம் வராது. பதறாதீங்க!" என்றேன். அந்த அம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார்.

இதை வீட்டில் சொன்னேன். "நீ பதறாதீங்கன்னு சொல்றதைக் கேட்டா எனக்கே பதறுது" என்றாள் மனைவி.

மார்ச் 6, வியாழன்

வீட்டுக்கு ஒரு அழுத்த மெஷின் வாங்கினேன். எதற்கும் மனைவிக்கு மாட்டிப் பார்த்தேன். பாடப் புத்தகத்தில் போடலாம், அப்படி ஒரு எண். இத்தனைக்கும் அவள் வேலை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பகல் முழுக்க, ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நடு ரோட்டில் போகிறாள்.

பிறகு எனக்கு. மெஷின் சரி. பழுது என்னிடம்தான்.

சரி, பழுது என்றால் எனக்கு வழி தெரியும். சர்க்யூட்டில் எது ஷார்ட் என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார். இன்று காபியைக் கழற்றினேன்.

மார்ச் 7, வெள்ளி

தலைவலி. காபி குற்றவாளி இல்லை. மறுபடி மாட்டிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

செய்திகளைக் கழற்றினேன். எண் கொஞ்சம் இறங்கியது. கம்பெனி வாட்ஸ்ஆப் குழுவின் சத்தத்தை அணைத்தேன், இன்னும் கொஞ்சம். அடுத்த சந்தேகம் மேல்வீட்டுக்காரர். ஞாயிறு காலை விடியும் முன்பே டிரில் போடுகிறார். ஒரு வருடமாகப் படுத்தபடியே அவரைத் திட்டிவருகிறேன். இன்று போய்க் கேட்டேன்.

"தம்பி, கீழே கேக்குதா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். இனிமேல் பத்து மணிக்கு மேல்தானாம். அலமாரி செய்கிறாராம், உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். கோணலாக இருந்தது. சொன்னேன். சிரித்தார். மட்டம் பார்க்கும் கருவியைக் கொண்டுபோய் இரண்டு பேரும் நேராக்கினோம். நல்ல ஞாயிறு.

ஒரு வருடத் திட்டு, ஒரு நிமிடப் பேச்சில் முடிந்தது. நான் இன்ஜினியரிங்தான் படித்தேனா?

மார்ச் 12, புதன்

இத்தனையும் கழற்றிய பிறகும் சாயங்கால எண் மட்டும் குறையவில்லை. காலையில் ஒழுங்கு, மேஜையில் சுமார், வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் ஏறுகிறது. வீட்டில் என்ன இருக்கிறது? நான் இருக்கிறேன். மனைவி வர வேண்டியிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

அவளுடன் கடைக்குப் போனேன். அவள்தான் ஓட்டினாள். சொல்லிக்கொடுக்கிற காரில் அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. இது எங்கள் சொந்தக் கார். ஒரு பஸ் குறுக்கே வந்தபோது என்னை அறியாமல் என் கால் தரையை மிதித்தது. அடுத்த திருப்பத்திலும்.

"உன் பக்கம் பிரேக் இல்ல. மிதிச்சு மிதிச்சு ஓட்டை விழுந்தா நீதான் செலவு பண்ணணும்."

மார்ச் 17, திங்கள்

இன்று ஒருவர் பிறந்தநாள் கேக்குடன் மாட்டிக்கொண்டார். மகளுக்கு. ஸ்பேனர் கிளம்பிவிட்டான், ஆனால் ரோட்டில் நெரிசல். மனிதருக்கு மூச்சைவிட கிரீம்தான் கவலை. பெட்டியைத் தரையில் வையுங்கள், கதவிடுக்குப் பக்கமாக, அங்கே காற்று வரும் என்றேன். பிறகு பேச எதுவும் இல்லை. மகளுக்கு என்ன வயது என்று கேட்டேன். நாலு வயதாம். கேக்கில் என்ன எழுதியிருக்கிறது? பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"சார், இது யாரோ அறுபதாவது கல்யாண நாளுக்கு வாங்கின கேக்கு."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் லிஃப்டே குலுங்கியிருக்கும். மாட்டிக்கொள்ளாவிட்டால் பிள்ளைகள் முன்னால்தான் திறந்திருப்பாராம். ஸ்பேனர் வந்து வெளியே விட்டதும் நேராகக் கடைக்கு ஓடினார்.

அழைப்பு முடிந்ததும் சும்மா மெஷினை மாட்டினேன். இதுவரை வந்ததிலேயே குறைவான எண். அவசர அழைப்புக்கு நடுவே! ஏன்?

மார்ச் 20, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

நேற்று அவள் வர நேரமாயிற்று. கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. கிட்டத்தட்ட ஒரு டஜன் தடவை. அவள் பக்கத்தில் ஒரு காலேஜ் பெண் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், முதல் முறையாகப் பெரிய ரோட்டில். போன் அடித்துக்கொண்டே இருக்க, அந்தப் பெண் பதறி பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்து நடைபாதையில் ஏற்றிவிட்டாள். மனைவி தன் பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். ஒரு குப்பைத்தொட்டி சாய்ந்தது, யாருக்கும் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் இனிமேல் ஓட்டவே மாட்டேன் என்று அழுதாளாம்.

வீட்டுக்கு வந்து கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு தடவை கூப்பிட்டா போதும். என் போன்லயும் விளக்கு எரியும். பதிவாயிடும்."

என் வசனம். எனக்கே.

தூக்கம் வராமல் யோசித்தேன். கேக்குக்காரரிடம் பேசியபோது நான் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டேன். மீதி ஸ்பேனர் கையில். அமுக்க என்னிடம் பொத்தானே இல்லை. மற்ற நேரமெல்லாம் அமுக்கிக்கொண்டே இருக்கிறேன் — அவளை, ஸ்பேனரை, மாறாத சிக்னலை, கொதிக்காத தண்ணீரை. அந்த அம்மாளைச் சொன்னேனே, நான் யாரு? கேவலமா இருக்கு.

இன்று காலை அந்தக் காலேஜ் பெண்ணுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். ஒரே தடவைதான் கூப்பிட்டேன். "அண்ணா, தொட்டியை இடிச்சது நான்தான், ஆனா பழியை நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள். மறுபடி வகுப்புக்கு வருகிறாளாம். அப்பாடா.

மார்ச் 24, திங்கள்

தேறவில்லை.

மூன்று வாரப் பாடுக்குப் பிறகும் எண் மேலே. டாக்டரம்மாவிடம் வாதாடினேன், வீட்டில் நாலு நாளாக இறங்குகிறது என்று. "வெளியில உக்காந்திருந்தப்போ எத்தனை தடவை என் கதவைத் திறந்து பாத்தீங்க?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை கடைசி முறை. அன்றும் இப்படி என்றால் ஆஸ்பத்திரி வேலை ஸ்பேனருக்கு.

ஸ்பேனர் போன் செய்தான். "நீ வராம நான் பண்ணினா வருஷம் பூரா நொட்டை சொல்லுவ. ஒழுங்கா தேறி வந்து சேரு" என்றான்.

மார்ச் 28, வெள்ளி

சிரிக்காமல் எழுத முயல்கிறேன்.

டாக்டரம்மாவின் கட்டடத்தில் லிஃப்டில் ஏறினேன். வேறு கம்பெனி லிஃப்ட். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நானும், முகத்தை மறைக்கும் அளவுக்குப் பூங்கொத்து வைத்திருந்த பூக்கடைக்காரரும், கணக்கு வாத்தியார் என்று பார்த்ததும் சொல்லக்கூடிய ஒருவரும். (கேட்டேன். கணக்கு வாத்தியார்தான்.)

பொத்தானை அமுக்கினேன். ஒரு தடவை. விளக்கு எரிந்தது. எதிர்முனையில் ஒரு இளைஞன் குரல், விறைப்பாக: "பதறாதீங்க!"

அப்படியே நான். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தம்பி, நாங்க பதறல, நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். அவன் திகைத்து, இன்னும் இல்ல சார் என்றான். கதவை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியும். உள்ளிருந்து திறக்கக் கூடாது என்பதும் தெரியும். தரையில் உட்கார்ந்தேன். பூக்காரர் தும்மினார், பூ ஆகாதாம் அவருக்கு, அப்பாவின் கடையாம். வாத்தியார் புதிர் போட்டார். தப்பாகச் சொன்னேன். சரியான விடை என்று அவர் சொன்னதும் தப்பு, அதை நிரூபித்தேன்.

வெளியே விட்டபோது என் நேரம் தாண்டிவிட்டது. டாக்டரம்மா பட்டையைச் சுற்றினார். எண்ணைப் பார்த்தார். மறுபடி காற்றடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

"என்ன மாத்தினீங்க?"

"உங்க லிஃப்டுக்கு சர்வீஸ் பண்ணுங்க டாக்டர்" என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

ஆஸ்பத்திரி. ஷாஃப்டுக்குள் எண்ணெய் வாசனை. சொர்க்கம்! ஸ்பேனர் முதலில் ஸ்பேனரை எடுத்தான். பல்லைக் கடித்தேன், கடித்ததைக் கவனித்தேன், விட்டேன். பழுது ஸ்பேனரில்தான் சரியாயிற்று. எரிச்சல்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

அவள் வர நேரமாயிற்று. ஒரு தடவை கூப்பிட்டேன். சமைத்தேன், சாப்பிட்டேன், மேல்வீட்டுக்காரரின் புது அலமாரியைப் பார்த்துவிட்டு வந்தேன். இதுவும் கோணல்.

படிக்கட்டில் ஓடிவரும் சத்தம். கதவைத் திறந்தவளுக்கு மூச்சு வாங்கியது.

"உனக்கு என்ன ஆச்சு? ஒரே ஒரு மிஸ்டு கால்தான் இருந்துச்சு. திரும்பக் கூப்பிட்டா நீ எடுக்கல. அஞ்சாறு தடவை கூப்பிட்டேன்!"

போனை அந்தக் கோணல் அலமாரி மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அவளை உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றினேன். எண் கொஞ்சம் அதிகம்தான். மெஷினில் ஏதோ கோளாறு என்கிறாள்.

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது.