பஸ்ஸில் வாங்கிய ஸ்டார்கள்

ஜனவரி 19, திங்கள்

என் மகள் ஷாலினுக்கு மூன்றரை வயது. அதற்குள் வகுப்பில் கடைசியாம். படப்பை பிளே ஸ்கூலில் ஆங்கிலத்துக்கு ஓர் ஆப் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் பிள்ளை சரியான படத்தைத் தொட்டால் ஸ்டார். யாருக்கு எத்தனை என்று வாராவாரம் பெற்றோர் குரூப்பில் போடுகிறார்கள், எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு லைனுக்கும் உற்பத்தி டார்கெட் போடுகிற மாதிரி. "கீழ இருக்கிற பசங்களுக்கு எல்கேஜி சீட் கஷ்டம்மா" என்றார் ஸ்கூல் நடத்தும் தேவிப்பிரியா மேடம். பால்பல் விழாத பிள்ளைக்கு டார்கெட்டா? பற்றிக்கொண்டு வந்தது.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஷாலின் முதலிடம். எப்படி? ஆப் என் கணவர் எபினேசர் போனில்தான் இருக்கிறது. நான் ஷிப்டில் இருக்கும்போது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறார் போல. மனுஷனுக்கு மீன் வறுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆப்பில் யானைப் படத்தைக் காட்டி, "இங்கிலீஷ்ல இது இன்னாடி?" என்றேன்.

"அப்பாவுக்குத்தான் தெரியும்."

எபினேசரைப் பிடித்துக் கேட்டேன். ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போக, வர படங்களை அவரே தட்டியிருக்கிறார். "நான் மட்டுமா? பக்கத்து சீட்ல டில்லிபாபுவும்தான் அவன் புள்ளைக்குத் தட்டிகினு வர்றான். சீட் போயிடும்ல, ஜூலி."

சீட்டாம் சீட்டு. பெத்த புள்ளகிட்ட பத்து நிமிஷம் உக்கார முடியல இவருக்கு.

பிப்ரவரி 5, வியாழன்

இனி ஆப் என் கையில். அது ஒரு வார்த்தை சொன்னதும் போனைக் கவிழ்த்துவிட்டு, நானும் அவளும் அந்தப் பொருளை வீட்டில் தேடுகிறோம். சோப், ஸ்பூன், டோர். கத்திச் சொல்கிறாள். ஸ்டார் ஏறவில்லை. ஏறாமல் போகட்டும்.

பிப்ரவரி 14, சனி

பெற்றோர் கூட்டம். போன மாத முதலிடத்துக்குப் பரிசு என்று ஷாலினைக் கூப்பிட்டார் மேடம். நான் எழுந்தேன்.

"அந்த ஸ்டாரெல்லாம் இவங்கப்பா பஸ்ல வாங்கினது மேடம். பரிசை அவருக்குக் குடுங்க."

எபினேசர் தரையைப் பார்த்தார்.

"அப்போ சீட்..." என்று இழுத்தார் மேடம்.

"போனா போகட்டும். மத்த பசங்களையும் இங்கிலீஷ்ல சொல்லச் சொல்லிப் பாருங்க, ஸ்டார் யாரு வாங்கினதுன்னு தெரியும்."

நான் உட்காரவில்லை. "நானும்தான் தட்டினேன்" என்று டில்லிபாபு மெதுவாகக் கை தூக்கினார். பின்வரிசையில் இன்னும் மூன்று கைகள்.

பிப்ரவரி 23, திங்கள்

இந்த வாரம் குரூப்பில் பட்டியல் வரவில்லை. சீட் பற்றியும் பேச்சில்லை. நானும் போய்க் கெஞ்சப்போவதில்லை.

சாயங்காலம் எபினேசர் வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்தார். ஷாலின் அவர் ஷூவைக் காட்டி, "இங்கிலீஷ்ல சொல்லுப்பா" என்றாள். சொன்னார். சட்டையைக் காட்டினாள். பொத்தானைக் காட்டினாள். மீசையைக் காட்டியதும் அவர் முழித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.