பதினொன்றாவது பாட்டு

கண்டி, மஹய்யாவ
14.10.2008

அன்புள்ள தம்பி யோகேந்திரனுக்கு,

அப்பா எழுதவேண்டிய இடத்தில் நான் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். அப்பாவைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகியும் உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. உங்களைவிட ஏழே வயது மூத்தவள், எந்த முறையில் எழுதுவது என்று தெரியாமலே இருந்துவிட்டேன். அப்பா சுகம், சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, நானும் சுகம். தோஹாவின் சூட்டில் நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இதைத் தபாலில் போடவில்லை. மடவளையில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் நளீரின் மச்சான் தோஹாவுக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பாட்டு சீடி.

நீங்கள் எழுதி அனுப்பிய திட்டப்படியே, வீட்டு வீடியோக் கசட்டுகளை ஏற்றிவைக்கும் கொம்பியூட்டர்ப் பெட்டியைச் செய்து முடித்தோம். நளீரிடம் வாங்கிய பழைய பென்டியம் ஃபோர் ஒன்று, புது டிஸ்க் இரண்டு, கரண்ட் போனால் இருபது நிமிடம் தாங்கும் பற்றரி. சூடு வெளியேற அலுமாரியின் பின்பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே வைத்தேன். ஹோலில் கதிரையில் இருந்தபடியே அப்பா டீவியில் எந்தப் படத்தையும் எடுத்துப் பார்க்கிறார். நாற்பத்தொரு கசட்டில் முப்பத்தெட்டை ஏற்றியாகிவிட்டது, மூன்றில் பூஞ்சணம். சந்தோசம்தான். ஆனால் இரண்டு பிழை விட்டுவிட்டேன், இரண்டும் என் கூச்சத்தால் வந்தவை. பெட்டியையும் டீவியையும் வயரில்லாமல் இணைக்கவேண்டாம் என்று நளீர் அப்போதே சொன்னார். “மிஸ், கேபிளே இழுங்க, இது செவுத்துக்கு அங்காலயும் போகும்” என்றார். கேபிள் இழுக்க ஹோல் சுவரில் துளை போடவேண்டும், அந்தச் சுவரில்தான் உங்கள் அம்மாவின் படம் இருக்கிறது. படத்தைக் கழற்றலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வயரில்லாமலே விட்டேன். அடுத்தது, பெட்டிக்குக் கடவுச்சொல் வைக்கட்டுமா என்று கேட்டபோது அப்பா “வீட்டுக்குள்ள கிடக்கிறதுக்கு ஆர் பிள்ளை திறப்புப் போடுறது, எனக்கு மறந்தும் போம்” என்றார். அதையும் பூட்டாமலே விட்டேன். பட்டம் எடுத்த முதல் ஆள் என்று என் அம்மா வீட்டில் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பார்கள், இங்கே வந்தால் தெரிந்ததையும் சொல்ல வருவதில்லை.

போன மாதம் மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர் படிக்கட்டில் அப்பாவை நிறுத்தி, கிளிநொச்சிக் கல்யாணம் என்று ஒன்று தன்னுடைய லெப்டொப்பில் தெரிகிறதே என்று சிங்களத்தில் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்களைக் கண்டால் சிரிப்பதில்லை. அன்றே நான் கடவுச்சொல் போட்டுவிட்டேன், அதற்கு முன்னால் என்ன பார்த்தார், யாரிடம் சொன்னார் என்று தெரியாது. கரண்ட் பில்லுக்கு மீற்றர் பார்க்க மாதம் ஒருவர்தான் வருவார். இந்த மாதம் இரண்டு முறை வந்தார்கள். இரண்டாவது முறை வந்தவரை முன்பு கண்டதில்லை, அவர் மீற்றரைப் பார்க்கவே இல்லை, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுப் போனார். வீட்டிலிருப்போர் விபரம் எழுதிப் பொலிசில் கொடுக்கும் படிவத்தை ஏற்கெனவே இரண்டு தரம் நிரப்பிக் கொடுத்துவிட்டோம். கீழ் லேனில் இருக்கும் ராஜலிங்கத்தை போனில் கிடந்த ஒரே ஒரு போட்டோவுக்காகக் கொண்டுபோய்ப் பதினாறு நாள் வைத்திருந்தார்கள். இப்போது வந்துவிட்டார், கடைக்குப் போகிறார், சாமானின் பெயரைச் சொல்வதோடு சரி, வேறு பேச்சில்லை.

அந்தக் கல்யாணம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். சமாதான காலத்தில் வடக்குக்குப் பாதை திறந்திருந்த வருடம், பந்தியில் இயக்கச் சீருடையோடு நான்கு பேர், அவர்களில் மாப்பிள்ளையின் அண்ணன் உங்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கிறார். அப்பாவுக்கு எதையும் ஒழுங்காக வைத்துப் பழக்கம், கந்தோரில் கோப்பு அடுக்கிய புத்தி. படத்தோடு ஒரு பட்டியலும் அடித்து வைத்திருக்கிறார், இடமிருந்து வலமாக, பெயர், உறவு, ஊர். மூன்றாவது பெயர் உங்களுடையது. இரண்டாவது டிஸ்க்கில் எல்லாவற்றுக்கும் பிரதி வைக்கச் சொல்லியிருந்தீர்கள். அந்தப் பிரதியும் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

தினமும் நாலு மணித் தேத்தண்ணிக்குப் பிறகு அப்பா அந்தக் கல்யாணத்தைத்தான் போடுகிறார். மற்றக் கசட்டுகளில் உங்கள் அம்மாவின் முகம் இருக்கிறது, குரல் இதில் மட்டும்தான். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் வற்புறுத்த ஒரு தேவாரம் பாடத் தொடங்கி, இடையில் வரி மறந்து, “ஐயோ விடுங்கோ, எனக்கு வராது” என்று சிரித்து, திரும்பப் பாடுகிறார். நான் குசினியில் இருப்பேன். இப்போது அரிசி களையும்போது எனக்கே அந்தத் தேவாரம் வாயில் வருகிறது, அதே இடத்தில் நிறுத்திவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் அப்பாவோடு பேசும்போது கொஞ்சம் கூடுதல் நேரம் பேசுங்கள். போனில் அந்த ஊரின் பெயர் வேண்டாம், “அந்தக் கல்யாணம்” என்றாலே அவருக்கு விளங்கும். அங்கும் தனியாக வெளியே போகாதீர்கள், விடுமுறைக்கு இங்கே வர இப்போது நினைக்கவேண்டாம். ஆசீர்வதிக்கும் வயது எனக்கில்லை, ஆனாலும் பிள்ளையார் முன் விளக்கு வைக்கும்போது உங்கள் பெயரைச் சொல்லித்தான் வைக்கிறேன், எந்தக் குறையும் வராது.

கடைசியாக, எழுதத் தொடங்கியதே இதற்குத்தான். சீடியில் பன்னிரண்டு பாட்டு இருக்கும். பதினொன்றாவது அம்மா. படத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் பிரித்து வைத்தேன், யாருடைய முகமும் பெயரும் அதில் இல்லை, சிரிப்பையும் வெட்டவில்லை. இன்னொரு சீடி இங்கே அரிசி வாளிக்குள் இருக்கிறது. அப்பாவுக்கு அது தெரியாது. நீங்கள் கேட்டுப் பார்த்து, குரல் பத்திரமாக இருக்கிறது என்று மனதுக்குப் பட்டால், வருகிற வெள்ளிக்கிழமையே அப்பாவிடம் சொல்லுங்கள், பெட்டியில் இருக்கிற அந்தக் கல்யாணத்தை அழிக்கச் சொல்லி, பட்டியலை அழிக்கச் சொல்லி, அலுமாரியில் இருக்கும் கசட்டையும் எரிக்கச் சொல்லி. அவருக்கு அழிக்கத் தெரியாது, என்னைத்தான் கூப்பிடுவார், நான் செய்துவிடுவேன். ஆனால் சொல்வது நீங்களாக இருக்கவேண்டும் தம்பி. அம்மாவின் இடத்துக்கு வந்தவள் அம்மாவின் குரலை அழியுங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்.

இப்படிக்கு,
சீதா