இன்னோம் பள்ளத்தாக்கு

12.6.1988, ஞாயிறு

விசுவாசிக்காமல் செத்தவர்கள் நரகத்தில் எரிவார்கள் என்று இன்றைய பிரசங்கத்தில் மேசையைத் தட்டிச் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் உப்பளத்தில் வேலை செய்யும் எஸ்தர் வாசலில் வந்து நின்றாள். சபைக்கு வராத அவள் புருஷனைப் போன மாதம்தான் தகனம் செய்தார்கள்.

“அவரைத்தான் எரிச்சிட்டாங்களே பாஸ்டர். இன்னொரு வாட்டியும் எரிவாரா?”

“ஜெபம் பண்ணும்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எனக்குத் தெரியும். கிரேக்க வேதத்தில் நரகத்துக்கு உள்ள சொல் கெகென்னா. எருசலேமுக்கு வெளியே இருந்த இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர் அது. பெற்றவர்களே பிள்ளைகளைத் தெய்வத்துக்கென்று அங்கே தீயில் போட்டார்கள். அந்தக் கொடுமையின் பெயரே பிறகு நரகத்துக்கு ஆயிற்று. வேதாகமக் கல்லூரியில் படித்த இதைச் சபையில் ஒருநாளும் சொன்னதில்லை. பயம் போய்விட்டால் சபைக்கு யார் வருவார்கள்?

அந்தப் பெற்றவர்களும் பக்தியோடுதான் போட்டிருப்பார்கள். எஸ்தர் இந்நேரம் தூங்கியிருக்கமாட்டாள்.