பெட்டிக்கு மேலே வைத்த படம்

என் அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அத்தானுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். அந்த இரும்புப் பெட்டி எங்கள் வவுனியா வீட்டு வாசலில் இறங்கிய நாளிலேயே, "அத்தான், இது வீட்டிலை வைக்கிற சாமான் இல்லை, ஒரு நாளைக்கு எங்களைக் கலங்க வைக்கும்" என்று சொன்னவன் நான். நீங்கள் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். "உன்ரை தம்பி எதைத்தான் முன்கூட்டிச் சொல்லேல்லை" என்று சிரித்தீர்கள். சிரித்தவர் போய்விட்டீர்கள். சொன்னவன் இருந்து எழுதுகிறேன்.

நீங்கள் போய் இரண்டு மாதமாகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. அக்கா சாப்பிட இருக்கிறா, பாதியில் எழும்பிவிடுகிறா. சுகந்தி உங்கள் கதிரையில் இருந்து சனங்களுக்குக் கடிதம் அடித்துக் கொடுக்கிறாள். தகப்பனைப் போலவே பிழை பொறுக்கமாட்டாள். நீங்கள் முதலில் கேட்கப்போவது அக்காவையும் இல்லை, மகளையும் இல்லை, அந்தப் பெட்டியைத்தான் என்று எனக்குத் தெரியும். பொறுங்கள், சொல்கிறேன்.

இதைப் பத்திரிகையில் வாசிக்கிற மற்றவர்களுக்கு அந்தப் பெட்டி என்னவென்று தெரியாது. உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறான் என்று கோபிக்காதீர்கள். அதற்கு சேர்வர் என்று பெயர். குளிரூட்டிய அறையில், இரும்புச் சட்டத்தில் திருகாணி போட்டுப் பூட்டி, கதவையும் சாத்திவிட்டு, ஆட்கள் வேறு அறைகளில் இருந்துகொண்டு வேலை வாங்குகிற பெரிய கொம்பியூட்டர். அதற்கு முன்னால் ஒருவரும் கதிரை போட்டு இருப்பதில்லை. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று தன் கந்தோரைப் பூட்டிக்கொண்டு போனபோது சட்டமும் சின்னக் கொம்பியூட்டர்களும் கொழும்புக்குப் போயின. பாரம் அதிகம் என்று இதை மட்டும் விறாந்தையில் விட்டுவிட்டார்கள். கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்தபோது பாத்திரம் பண்டத்தை விட்டுவிட்டுத் தட்டச்சு இயந்திரத்தைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தவர் நீங்கள். கந்தோர் பூட்டிய நேரம் அந்தத் தட்டச்சு இயந்திரம் எழுத்துத் தேய்ந்து, சில்லு உடைந்து கிடந்தது. போய் இந்தப் பெட்டியைக் கேட்டீர்கள். தந்துவிட்டார்கள். நான்கு பேர் சேர்ந்து தூக்கியதாக அக்கா சொல்லுவா. ஒரு முழுப் பக்கத்தை நான் தனியாகத் தூக்கினேன் என்பதை மட்டும் சொல்லமாட்டா.

முதல் முறை அதைப் போட்டபோது நடந்தது நினைவிருக்கிறதா? உள்ளே இருந்த விசிறிகள் எல்லாம் ஒன்றாக எடுத்த இரைச்சலில் அக்கா குசினியில் இருந்து அகப்பையோடு ஓடி வந்தா.

"என்னப்பா, ஹெலி வருதே? படுங்கோ, படுங்கோ!"

"ஹெலி இல்லையப்பா, எங்கடை கொம்பியூட்டர்" என்று நீங்கள் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது, அக்காவுக்குக் கேட்கவில்லை. சுடுகிற ஹெலிகொப்டர் என்றே நம்பி அவா கட்டிலுக்குக் கீழே போய்விட்டா.

பிறகு எல்லாம் பழகிவிட்டது. படுத்துக் கிடக்கிற அகலப் பெட்டி. மேலே கடதாசிக் கட்டு, தேத்தண்ணிக் கோப்பை, உங்கள் மூக்குக்கண்ணாடி. முன்பக்கத்தால் காற்றை இழுத்துப் பின்பக்கத்தால் சூடாகத் தள்ளுகிறது என்று கண்டுபிடித்தவா அக்கா. அடுத்த நாளே பின்பக்கத்தில் மோர்மிளகாய் காயத் தொடங்கிவிட்டது. இரண்டாயிரம் பிறந்தால் கொம்பியூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று பேப்பரில் போட்டார்கள். நானும் சந்தி சந்தியாக நின்று சொன்னேன். நிற்கவில்லை. அதையும் ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்.

ஆனால் அந்த இரைச்சலுக்கு ஒரு பெரிய குணம் இருந்தது. முன்பெல்லாம் உங்களிடம் கடிதம் எழுதுவிக்க வருகிற பெண்கள் வாய் திறந்தால் வாங்கில் காத்திருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். பாதியைச் சொல்லுவார்கள், மிச்சத்தைச் சேலைத் தலைப்புக்குள் விழுங்குவார்கள். பெட்டி வந்த பிறகு உங்கள் காதுக்குக் கிட்ட வந்துதான் பேச வேண்டும். பேசுவது உங்கள் இருவருக்கும்தான் கேட்கும். அதற்குப் பிறகுதான் சனம் முழுதாகச் சொல்லத் தொடங்கியது. இந்த உபாயத்தை நான்தான் உங்களுக்குச் சொல்லித் தந்ததாகக் கடைத்தெருவில் ஒரு கதை உண்டு. யார் பரப்பியது என்று நீங்கள் கேட்டதே இல்லை.

அப்படி முழுதாகச் சொன்னவர்களில் ஒருத்தி லெட்சுமி. மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்து, தோட்டம் கொத்தி, பிறகு அங்கிருந்தும் பெயர்ந்து முகாமில் இருக்கிறவள். விறகு வெட்டப் போன புருஷன் திரும்பி வரவில்லை. அவனைத் தேடி அவள் எழுதுவித்த முதல் கடிதத்தை இந்தப் பெட்டியில்தான் அடித்தீர்கள். அன்றைக்கு நீங்கள் கூப்பிட்டதால் நானும் பக்கத்தில் குனிந்து நின்று கேட்டேன். அதற்குப் பிறகு எத்தனை கந்தோருக்கு எத்தனை கடிதம்! அவள் கையில் இருந்த பிரதிகள் முகாம் மழையில் கூழாகிப் போயின. "ஐயாவோட பொட்டியில இருக்குதுதானுங்களே, அது போதும்" என்று அவள் கவலைப்படாமல் இருந்தாள்.

இப்போது அவளைக் கொழும்புக்கு விசாரணைக்கு வரச் சொல்லி இருக்கிறார்கள். முதல் கடிதத்தில் இருந்து எல்லாவற்றின் பிரதியும் வேண்டுமாம். போவதற்குப் பயண அனுமதிப் பாஸும் எடுத்துவிட்டாள். நாளைக்கு, வெள்ளிக்கிழமை, வந்து வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை பெட்டி ஒருமுறை கீச்சிட்டுவிட்டு நின்றுபோனது.

காரணத்தைக் கேளுங்கள். உங்கள் கடைசி ஆசைப்படி உங்கள் படத்தை அந்தப் பெட்டிக்கு மேலேதானே வைத்தோம். ஆஸ்பத்திரியில் நீங்கள் கண் திறந்து, "என்ரை படத்தைப் பெட்டிக்கு மேலை வையுங்கோ, அந்த இரைச்சல் கேட்டால்தான் எனக்கு நித்திரை வரும்" என்று சொன்னதை நான் வந்து சொன்னபோது அக்கா முதல் முறையாக அழுதா. அன்றில் இருந்து பெட்டிக்கு முன்னால் விளக்கு, காலையும் மாலையும் சாம்பிராணி, கற்பூரம். புகை மேலே போகாமல் நேரே பெட்டிக்குள் போகும். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "பார் குணம், அவர் இழுத்து எடுக்கிறார்" என்றா. இன்னும் ஒரு பிடி போட்டா. காற்றை இழுக்கிற பெட்டி புகையை இழுக்காதா? மோர்மிளகாய் காயவைத்த அக்காவுக்குத் தெரியாததா அது? தெரிந்துகொள்ள விருப்பமில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை மூடியைக் கழற்றினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் எத்தனை உழவு இயந்திரத்தின் வயிற்றைப் பிளந்து பார்த்திருக்கிறேன். உள்ளே எங்கு தொட்டாலும் கறுப்புப் பிசின். சைக்கிள் பம்பால் அடித்து, பல்துலக்கும் தூரிகையால் உரசி எடுத்தோம். சுகந்தி பிசினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து லெட்சுமி வாசலில் நின்றாள்.

"என்னா தங்கச்சி, சத்தமே இல்லாம கெடக்கு? ஐயா போன பொறகு பொட்டியும் படுத்துருச்சா?"

"இல்லையக்கா, துப்புரவாக்கிறம். நீங்கள் வெள்ளிக்கிழமை வாங்கோ."

"என்னோட கடுதாசி பத்தரமா இருக்குல்ல?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

இன்றைக்குப் பெட்டி எழும்பியது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை சூடேறி நின்றுவிடுகிறது. மூடி இல்லாமல் வைத்து, அக்கா பனையோலை விசிறியால் விசிற விசிற, சுகந்தி ஒவ்வொரு கடிதமாக அச்சடித்து எடுத்தாள். எல்லாம் வந்தன, முதல் கடிதத்தைத் தவிர. அது சரியாகத் திறக்கவே இல்லை. திறந்தால் கட்டம் கட்டமாக என்னவோ வருகிறது.

"மாமா, அண்டைக்கு நீங்களும் நிண்டனீங்கள்தானே? லெட்சுமி அக்கா என்ன சொன்னவா?"

"எல்லாம் ஞாபகம் இருக்குப் பிள்ளை, நீ அடி. காலமை ஏழு மணி. புருஷன் போட்டிருந்தது நீலச் சேட்டு. கையிலை கோடரி. ரோட்டிலை ரெண்டு உழவு இயந்திரம் நிண்டது."

"நீலமோ? போன மாதம் இதே கதையை வாசலிலை சொல்லேக்கை வெள்ளைச் சேட்டு எண்டனீங்கள். உழவு இயந்திரமும் ஒண்டு."

"நீலம்... வெளுத்த நீலம் பிள்ளை."

அவள் விசைப்பலகையில் இருந்து கையை எடுத்தாள்.

"மாமா, லெட்சுமி அக்காவையே திரும்பக் கேட்டு அடிக்கலாம். ஆனால் அண்டைக்கு அப்பா அடிச்ச கடிதம் கொழும்பிலை அவங்கடை கையிலை கிடக்கும். இது பிரதி எண்டு நாங்கள் குடுக்க, ஒரு சொல்லு மாறி இருந்தால் அவாவைத்தான் பொய்க்காரி எண்டுவாங்கள். அந்த மனுசன் போட்டிருந்த சேட்டு நீலமா வெள்ளையா எண்டு உங்களுக்கு உண்மையிலை தெரியுமா?"

தெரியாது, அத்தான். எத்தனை இடத்தில் அந்தக் கதையைச் சொன்னேனோ, அத்தனை இடத்திலும் அவனுக்கு ஒரு சேட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறேன். இப்போது எது அவள் சொன்னது, எது நான் போட்டது என்று பிரிக்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு எழும்பி வந்தேன். நான் வாயை மூடியதைப் பார்த்து அக்கா விசிறுவதை நிறுத்திவிட்டா.

அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் நினைவாகப் பத்திரிகைக்கு ஒன்று எழுதுங்கோ என்று சுகந்திதான் கேட்டவள். என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். கோழி கிளறிய மாதிரி. இதைத் தட்டச்சுச் செய்யப்போகிறவளும் அவள்தான். இனிச் சொல்லப்போவதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, அத்தான். படத்தைப் பற்றியும் இல்லை, பெட்டியைப் பற்றியும் இல்லை. நான் பக்கத்திலேயே இல்லை. பின்னேரம் ஆஸ்பத்திரிக்கு முன்னால் தேத்தண்ணிக் கடையில், என் அத்தான் வீட்டில் ஹெலி மாதிரி இரைகிற கொம்பியூட்டர் இருக்கிறது என்று நாலு பேருக்குக் கதை சொல்லிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது முகத்தை மூடிவிட்டார்கள். "என்ன சொன்னவர்?" என்று பக்கத்துக் கட்டில் மனிதரைக் கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்லை. வாசலைப் பாத்துக்கொண்டு கிடந்தவர்" என்றார். அதை எப்படி நான் அக்காவிடம் கொண்டுவந்து கொடுப்பது? வருகிற வழியில் படம், பெட்டி, நித்திரை என்று நானே ஒரு வசனம் செய்தேன். அந்த வசனம்தான் புகையாகப் போய் லெட்சுமியின் முதல் கடிதத்தைத் தின்றது.

சுகந்தி, இந்த இடத்தில் உன் கை நிற்கும். மாற்றாதே, பிள்ளை. அப்படியே அடி.

அத்தான், நாளைக்கு விடிய உங்கள் படத்தைச் சுவருக்கு மாற்றுவேன். அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து இந்தக் கடிதத்தை நானே வாசித்துக் காட்டுவேன். முதல் கடிதத்தின் பிரதி எங்கள் பிழையால் அழிந்தது, அந்தப் பெண்ணின் பிழை இல்லை என்று சுகந்தி ஒரு கடிதம் அடிப்பாள். அதன் கீழே நான் கையெழுத்து வைப்பேன். அதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொன்னதாக இருக்காது. இது உங்கள் மேல் சத்தியம்.

வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்த உங்களிடம் பிந்தி வந்த,
உங்கள் மைத்துனன்,
சுகந்தியின் மாமன்,
குணம்