கழுகுமூக்கு முனைத் தீயைக் குறித்து வெண்சங்குத்துறை நாயகருக்கு விடுத்த திருமுகம்

வான் பொய்யாதிருக்க, கடல் எல்லை கடவாதிருக்க, கலம் ஏறியோர் கரை காண்க.

கீழைக் குன்றும் மேலைக் கடலும் எல்லையாகப் பெருந்திரை நாட்டைப் புரந்தருளும் கொற்றங்கோதை மாதேவியின் திருவாய்மொழிப்படி எழுதிய ஓலை. வெண்சங்குத்துறையின் காவல் பூண்டவரும், முந்நீர் வணிகர்க்கு நிழலாய் நிற்பவரும், மூங்கிலூர்க் கிழார் மரபில் வந்தவருமான துறைநாயகர் ஆதனழிசி காண்க. உம் துறையும், பண்டசாலைகளும், உம் இல்லமும், அண்மையில் மணக்கோலம் பூண்ட உம் மகளும் நலமுடன் விளங்குக. கோநகரில் யாவரும் நலம்.

கார்ப்பருவத் தொடக்கத்தில் எம் இளவல் ஏறிவந்த கலம் கழுகுமூக்கு முனையில் மோதி உடைந்ததென்றும், ஆமைத்தீவினர் முனையின் உச்சியில் பொய்த்தீ மூட்டிக் கலத்தைப் பாறைக்கு இழுத்துக் கொள்ளையிட்டனர் என்றும் நீர் எமக்கு எழுதினீர். உம் சொல்லை நம்பி, அத்தீவினரின் படகுகளை உடைத்து, அவர்களை உள்நாட்டுக்குக் குடிபெயர்க்குமாறு எம் கடற்படைத் தலைவர் கீரந்தையாருக்குக் கட்டளையிட்டோம். அவர் சென்று மீண்டார். அங்கே நேர்ந்ததை அவையில் அவர் உரைத்தவாறே எழுதுவித்துள்ளோம். எளியோர் பேசியதை மட்டும் செம்மை செய்யாது, அவர்கள் வாய்மொழியாகவே வரையச் சொன்னோம். முழுவதும் படித்துக்கொள்க.

அக்கட்டளையைக் கீரந்தையார் தாமே கேட்டுப் பெற்றார். உடைந்த கலத்தைச் செலுத்திய மீகாமன் எயினன் அவருடைய ஒரே மகன். மகனின் உடலும் கிடைக்காமல் மனைவிக்கு முகம் கொடுக்க முடியாதிருந்த அம்மனிதருக்கு, யாரையேனும் தண்டித்தால் நெஞ்சு ஆறும் என்று தோன்றியது. உணவும் கூடாரமும் ஏற்றிய கலம் பின்னே வரட்டும் என்று சொல்லிவிட்டு, வீரரோடு விரைகலத்தில் முன்னே புறப்பட்டார்.

கழுகுமூக்கை நீர் உம் மாளிகை மாடத்திலிருந்து நீலக்கோடாகக் கண்டிருப்பீர். அருகில் அது வேறு. கரிய பாறை கடலுக்குள் நீண்டு, நுனியில் அலகுபோல் வளைந்து கவிழ்ந்திருக்கிறது. அதன் அடியைக் கடல் குடைந்து குகையாக்கியிருப்பதால், ஒவ்வொரு அலையும் உள்ளே புகுந்து இடியோசையோடு வெளியேறுகிறது. முனைக்கு அப்பால் ஆட்டுத்தீவு, உப்பந்திட்டு, ஆமைத்தீவு என்று தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் இடையே நீர் ஆறுபோல் ஓடுகிறது; கடல் வற்றும் வேளையில் மட்டும் தலைகாட்டும் பாறைகள் பல. தாழையும் அடம்பங்கொடியும் தவிர அங்கே பச்சை அரிது. அலகின் கீழே இரு பாறைகளுக்கிடையில் எயினனின் கலத்துப் பாய்மரம் இன்னும் செருகிக்கொண்டு நின்றது. அதைக் கண்ட கீரந்தையார் கலத்தை நேரே ஆமைத்தீவுக்குத் திருப்பச் சொன்னார்.

ஆமைத்தீவில் இறங்கியதும் கோடரிகள் வேலையைத் தொடங்கின. தீவினர் எதிர்க்கவில்லை. பாதிப் படகுகள் பிளவுபட்ட பின், ஞாழலி என்னும் பெண் தன் படகின் முன்முனையான அணியத்தில் ஏறி அமர்ந்தாள்.

"ஒடைக்கிறதுன்னா ஒடைச்சுக்கோங்க ஐயா. கொள்ளைக்காரின்னு மட்டும் சொல்லாதீங்க. அந்தக் கப்பல்ல கெடந்தவுங்கள இழுத்துவரப் போன எம்புருசன் இன்னும் வீடு திரும்பல."

வந்து பாருங்கள் என்று அவள் நடந்தாள், கீரந்தையார் பின்தொடர்ந்தார். தாழைப்புதருக்கு அப்பால், அலையெட்டாத மேட்டில், மணற்குவியல்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு சங்கு வைக்கப்பட்டிருந்தது. பட்டாடை உடுத்த இளையவர் ஒருவரை முதலில் கிடத்தியதாக அவள் காட்டினாள். அவர் எம் இளவல். கடைசிக் குவியலைக் காட்டி, சுக்கான் பிடித்தவர் மறுநாள் உச்சிவரை உயிரோடிருந்தார் என்றாள்.

"ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. 'தொற வெளக்குன்னு நெனச்சுத் திருப்பிட்டேன், எங்கப்பாகிட்ட சொல்லுங்க'ன்னு அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. அவரு அப்பா யாருன்னு கேக்குறதுக்குள்ள மூச்சு நின்னுபோச்சு."

தாமே அந்த அப்பன் என்று கீரந்தையார் சொல்லவில்லை.  முனையில் ஏன் தீ மூட்டினீர்கள் என்று மட்டும் கடுமையாகக் கேட்டார்.

"மழக்காலம் பூரா மூட்டுவோம். 'பாற இருக்கு, வெலகிப் போ'ன்னு அர்த்தம். அந்தப் பக்கம் தொற வெளக்கும் எரிஞ்சா எது எதுன்னு கப்பல்காரனுக்குத் தெரியும். ஒத்த வெளக்குத்தான் எரியுதுன்னா அவன் என்ன செய்வான்? அதான் அன்னையிலேர்ந்து நாங்க மூட்டுறதையே நிறுத்திட்டோம். இதச் சொல்லத்தான் தொறைக்கு வந்தோம். காலு வைக்கவிடாம ஈட்டியக் காட்டித் தொரத்திட்டாங்க."

கீரந்தையார் வெகுண்டார். தாம் கடலேறிய நாள்முதல் வெண்சங்குத்துறை விளக்கு அணைந்ததில்லை என்றும், தம் முகத்தெதிரே பொய்யுரைக்கத் துணிந்தாள் என்றும் இரைந்தார். அவள் அஞ்சவில்லை.

"அந்தி வரைக்கும் பொறுங்க. மேல ஏறி நீங்களே பாருங்க. அப்பறம் எங்களத் தூக்கிக் கடல்ல போட்டாலும் கேக்க மாட்டோம்."

கோடரிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, இடையிலிருந்த குறுகிய நீர்வழியை அவள் படகில் கடந்து, அவளோடு முனையுச்சிக்கு ஏறினார். மழை விட்டு வானம் தெளிந்திருந்தது. கதிரவன் விழுந்தான், செம்மை கறுத்தது, விரிகுடாவின் மறுகரையில் உம் துறையின் வீடுகளில் சிறு சுடர்கள் தோன்றலாயின. விளக்குக்கோபுரம் மட்டும் இருளாகவே நின்றது. கீரந்தையார் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

அப்போதுதான் பின்தங்கிய உணவுக்கலம் தீவுகளைச் சுற்றிக்கொண்டு வந்தது. துறை விளக்குத் தெரியாமையால் துறை இன்னும் தொலைவென்று எண்ணி, பாய் சுருக்காமல், நீரோட்டத்தின் போக்கில் முனையை நோக்கியே வந்தது. கீரந்தையார் பதறிச் சுள்ளிகளைக் குவித்துத் தீக்கடைகோலைக் கேட்டார். ஞாழலி அவர் கையைப் பற்றி இழுத்தாள்.

"மூட்டாதீங்க! அன்னைக்கு நடந்ததுதான் இன்னைக்கும் நடக்கும். படகுல போயி மறிக்கணும். வாங்க!"

இருவரும் பாறையில் சறுக்கியும் விழுந்தும் இறங்கினர். உடைபடாத படகுகளை நீரில் தள்ளுங்கள் என்று எதிரே ஆமைத்தீவுக் கரையில் நின்றவர்களை நோக்கி அவர் கத்த, படகைப் பிளந்த வீரரும் படகை இழந்த தீவினரும் ஒருங்கே தோள் கொடுத்தனர். ஞாழலியின் படகில் அவரே துடுப்பேந்தினார். அலகின் அடியில், மகனின் பாய்மரம் கையெட்டும் தொலைவில் கடந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு துடுப்பை வலித்ததாகக் கூறினார். படகுகளிலிருந்து சங்குகள் முழங்கின. கலத்தில் கேட்டது, பாய் சரிந்தது, வடம் வீசினார்கள். படகுகள் இழுக்க, கலம் பாறையை உரசி ஒரு பக்கப் பலகை பெயர்ந்து, ஆட்டுத்தீவின் மறைவுக்கு வந்துசேர்ந்தது. உயிர் ஒன்றும் போகவில்லை. கலத்தின் சோற்றை அன்று எல்லாரும் சேர்ந்து உண்டனர். உண்ணும்போதுதான், கடைசிக் குவியலில் கிடப்பவன் தம் மகன் என்று ஞாழலியிடம் சொன்னார்.

அவள், "வலியில்லாமத்தான் போனாரு" என்றாளாம். அது பொய்யென்று தமக்குத் தெரியும் என்றும், அப்பொய்க்காக அவளை ஒருநாளும் தாம் மறப்பதற்கில்லை என்றும் கீரந்தையார் எம்மிடம் சொன்னார்.

மறுநாள் அவர் பணியடையாளம் எதுவுமின்றி உம் விளக்குக்கோபுரத்தில் ஏறினார். எண்ணெய்ச் சாடிகள் நிறைந்திருந்தன. பேரகலின் நடுவே புறா முட்டையிட்டிருந்தது. கீழே இருந்த முதிய காவலாளியைக் கேட்டபோது, "வெளக்குக்காரங்க அம்புட்டுப் பேரையும் நாயகர் வீட்டுக் கல்யாணப் பந்தலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அப்பறம் தோட்ட வேலைன்னாங்க. யாரும் திரும்பி வரலியே" என்றான்.

ஆதனழிசியாரே, விளக்கை அணையவிட்டது ஒரு குற்றம். அதை மறைக்க, பிணங்களை எடுத்துப் புதைத்தவர்மேல் பழி சுமத்தியதும், அவர்கள் வாய்திறவாதபடி துறையை அடைத்ததும் அதனினும் பெரிய குற்றம். எம் இளவலுக்காக நாம் அழுதுகொண்டிருந்த வேளையில் எம் கையைக் கொண்டே எம் குடிகளை அழிக்கப் பார்த்தீர்.

ஆகவே நம் கட்டளை. ஆமைத்தீவினரைக் குடிபெயர்க்கும் முன்னைய ஓலை இன்றே தீயிலிடப்பட்டது. விளக்குக்காரர் அனைவரும் இவ்வோலை உம் கையை எட்டிய நாள் மாலைக்குள் கோபுரம் ஏறுக. முனையில் இனி இரட்டைத்தீ எரிக. இரண்டு சுடர் தோன்றினால் அது பாறை என்று எல்லாத் துறைகளிலும் பறையறைக. உடைத்த படகுகளுக்கு ஈடாக உம் தோட்டத்து மரங்களை வெட்டிப் புதுப்படகு செய்க. உம் மகளுக்கும் மருமகனுக்கும் இதில் பங்கில்லை. அவர்களை எவரும் ஒரு சொல் சொல்லலாகாது.

துறையின் காவல் இனிக் கீரந்தையாருடையது. இவ்வோலையை உம் கையில் தந்தவரும் அவரே, எதிரில் நிற்கிறார். முத்திரை மோதிரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் வந்த படகில் ஏறுக. முனையின் இரட்டைத்தீயை உம் வாழ்நாள் உள்ளளவும் நீரே உம் கையால் மூட்டுவீர். படகைச் செலுத்தி உம்மை அங்கே சேர்ப்பவள் ஞாழலி. அவளைக் காக்க வைக்காதீர்.

மாதேவியின் திருக்கைச்சாத்தும் இரட்டைச்சுறா முத்திரையும் இட்டது. இதில் ஓரெழுத்தும் மாறாது.