பல்லில் பிடித்த நூல்

வியாழன், ஜூலை மழை

இன்று மகள் நிலாவை எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். ஏழாம் மாதமே பிறந்தவள். ஐந்து வயசாகிறது, கை கால் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். ஒற்றைக் காலில் அவளுக்கு நிற்க வரவில்லை. பிடிக்கச் சொல்லிப் போட்ட பந்து நெஞ்சில் பட்டு உருண்டது. மணி கோக்கச் சொன்னார்கள். நூல் முனை ஆடிக்கொண்டே இருந்தது. என் கை தானாக மேசைக்குப் போய்விட்டது.

"வேண்டா சேச்சி, அவளே செய்யட்டும்," என்றாள் தெரபிஸ்ட் பெண். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டேன்.

நிலா நூலைப் பல்லில் கடித்தாள். வாய்க்கு வெளியே விறைப்பாக நின்ற முனையில் மணியைக் கொண்டுவந்து மாட்டினாள்.

குடோனில் சுக்குச் சாக்கு தைக்கும்போது நான் கோணி ஊசியில் சணல் கோப்பது அப்படித்தான். பள்ளி லீவு நாளில் என்னோடு குடோனுக்கு வந்தால் மூலையில் உட்கார்ந்து சும்மா மழையைப் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

"வாயால் கோத்தால் மார்க் இல்லை சேச்சி," என்று சிரித்த தெரபிஸ்ட், "மோளே, இன்னொரு தடவை காட்டு," என்றாள்.

பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் வரணுமாம். குடோனில் லீவு கேட்டால்... பார்க்கலாம்.

பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் என் சுண்டுவிரலைக்கூடச் சுற்றிப் பிடிக்க முடியாத கை அது.

ராத்திரி சட்டையை அவளே போட்டுக்கொண்டாள். நான் மறுபடி கை மேல் உட்கார்ந்திருந்தேன். பொத்தானெல்லாம் ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருக்கிறது. அப்படியே தூங்குகிறாள். நான் தொடவில்லை.