ஆறிய என்ஜின்

தம்பி,

ஆறு வருடம் கதையாமல் இருந்தது போதும். உன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு ஊரையே அழைத்து, என்னை மட்டும் விட்டதை நான் மறக்கவில்லை. ஆனால் இது நீ வாங்கப்போகும் லொறி விஷயம்.

நான் படிப்பிக்கும் ரியூட்டரிக்கு அடுத்த வளவில்தான் மார்க்கண்டுவின் லொறி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ வருமுன் அரைமணி நேரம் அதை ஓடவிட்டுச் சூடாக்கினார். பிறகு உனக்குப் புதுப் பிளக்குகளைக் காட்டினார். "பாத்தீரே, ஒரே அடியிலை ஸ்ராட்! உம்மடை வீட்டுக்காரியும் இவ்வளவு கெதியா எழும்பமாட்டா!" நீ சிரித்துத் தலையாட்டியதை மதிலுக்கு மேலால் பார்த்தேன்.

பிளக் புதிதுதான். ஆனால் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துவிடும் டிஸ்ரிபியூட்டரின் மூடி வெடித்து, அவர் அதற்கு அரக்கு பூசியதை நான் கண்டேன். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜின் சூடாக இருந்தால் அந்தப் பழுது தெரியாது. விடியற்காலையில் நாலுபேர் தள்ளினாலும் கிளம்பாது. ஷெல் விழுகிற நாளில் பிள்ளைகளை ஏற்றிப் போகத்தானே வாங்குகிறாய்?

மார்க்கண்டுவிடம் சொல்லாமல் போ. முதலில் என்ஜினை மூடியிருக்கும் பொனற்றைத் தொட்டுப் பார். சூடென்றால் திரும்பிவிடு; ஆறியிருந்தால் ஸ்ராட் பண்ணிக் காட்டச் சொல்.

நான் சொன்னதென்றால் வீம்புக்கே வாங்குவாய். கையெழுத்தும் உனக்குத் தெரியும்; என்ன செய்வது? யாரோ எழுதியது என்று வைத்துக்கொண்டாவது போய்த் தொட்டுப் பார். அதற்காகவே பெயர் போடாமல் தபாலில் சேர்க்கிறேன்.